வெள்ளைப் பட்டையில் ஒரு பொட்டு

எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. பாடத்தின் பாதியில் ஒரு படம் வரும். ஓர் எஃகுத் தண்டு, அதைச் சுற்றி ஒட்டிய கறுப்பு வெள்ளைக் கோட்டுப் பட்டை, பட்டையின் மேல் சிவப்பாக ஒரு விரல் பொட்டு. “சாமி கும்பிட்டப்போ ஒரு தொழிலாளி வெச்சது. இதனால ஒரு பெரிய கஸ்டமர் போயிட்டாங்க. மிஷின் மேல எதையும் வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, யாரும் கேள்வி கேட்பதற்குள் அடுத்த படத்துக்குத் தாவிவிடுவேன். மூன்று வருடத்துக்கு மேல் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொட்டை வைத்தவள் நான்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் லோயாங்கில் இருக்கிறது எங்கள் பட்டறை. கப்பல்களிலிருந்து வரும் பெரிய பம்புகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்கிறோம். சரிசெய்த பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, மோட்டாரோடு ஒரு தண்டால் இணைத்து, முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடும்போது அந்தத் தண்டு எவ்வளவு முறுகுகிறது என்று அளந்து கையெழுத்துப் போடுகிறவள் நான்.

எஃகு முறுகும் என்றால் பலர் நம்புவதில்லை. சுமை ஏறினால் முறுகும். கண்ணால் பார்த்தால் தெரியாது. சுமை இறங்கியதும் பழையபடி நேராகிவிடும். சுற்றுகிற தண்டில் கம்பியைக் கட்டி இதை அளக்கப் போனால் கம்பி சுற்றிக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவர் கையும் போகும். அதனால் தொடாமலே அளக்கிறோம். தண்டின் இரண்டு முனையிலும் கோடு போட்ட பட்டையைச் சுற்றி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விரல்கடை தூரத்தில் ஓர் ஒளிக்கண்ணை நிறுத்துவோம். சுமை இல்லாதபோது இரண்டு பட்டையின் கோடுகளும் ஒரே நேரத்தில் கடந்து போகும். சுமை ஏறினால் ஒரு பக்கத்துக் கோடு மற்றதைவிட இம்மி தாமதமாக வரும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் முறுக்குவிசையைக் கணக்கிடுகிறோம். என் கணவர் என்னைத் “தொடாமலே நாடி பார்க்கிற வைத்தியச்சி” என்று கேலி செய்வார்.

பட்டையில் எண்ணெய்க் கறை பட்டால்கூடக் கணக்கு கெட்டுவிடும். அதனால் சோதனை மேடையில் என் சட்டம் ஒன்றே ஒன்று. தண்டின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஆங்கிலத்திலும் சீனத்திலும் பலகை இருந்தது. நம் ஆட்கள் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை என்பதால், தமிழில் “தொடாதே” என்று நானே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன். மீறியவர்களைக் கத்தியிருக்கிறேன். ஒருவர் தேநீர்க் கோப்பையைத் தண்டின் மேல் வைத்துவிட்டுப் போனபோது, அந்தக் கோப்பையைக் குப்பையில் போட்டேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு “தொடாதே அக்கா” என்று பெயர். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

என்னிடம் ஒருமுறைகூடத் திட்டு வாங்காதவர் ஒரே ஒருவர்தான், பம்புகளைப் பொருத்தும் ஃபிட்டர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், எட்டு வருடமாக எங்களிடம் இருந்தார். நான் அவரைத் தம்பி என்பேன். தண்டைச் சுத்தம் செய்யக்கூட, “அக்கா, நீங்களே வந்துடுங்க” என்று கூப்பிடுவாரே தவிர, தானாகத் தொட மாட்டார். அளக்கிற வேலைக்கு இவரை எனக்கு உதவியாளராகப் போட வேண்டும் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். அது நடந்தால் அவருடைய வேலை பெர்மிட் ஒரு படி மேலே போகும், சாதாரணத் தொழிலாளி என்ற நிலை மாறும். அந்தத் தாள் மேலாளர் மேசையில் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. இரண்டு மாதத்தில் பெர்மிட் புதுப்பிக்க வேண்டியிருந்ததால், அதோடு சேர்த்தே முடித்துவிடலாம் என்று மேலாளரும் சொல்லியிருந்தார்.

அந்தப் பொட்டு வைத்த நாளுக்கு ஒன்றரை வருடம் முன்னால் என் கணவர் போய்விட்டார். சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. ஆங் மோ கியோ வீட்டிலிருந்து காலையில் இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து காலணி மாட்ட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அவரை அவசரப்படுத்திக் கத்திக்கொண்டிருந்தேன், பஸ் போய்விடும் என்று.

அதற்குப் பிறகு குங்குமம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் காலம் எல்லாம் போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். ஆனால் யாரும் நீட்டவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் என் அக்கா மகள் வாசலில் சந்தனக் குங்குமத் தட்டோடு நின்றாள். எனக்கு முன்னால் போனவருக்கு நீட்டினாள். நான் வந்தபோது தட்டைச் சற்றே இறக்கிக்கொண்டு, “வாங்க சித்தி, பார்க்கிங் கிடைச்சுச்சா?” என்றாள். எனக்குக் கார் கிடையாது. எனக்குப் பின்னால் வந்தவருக்கு மறுபடி தட்டு ஏறியது. பல்கலைக்கழகம் போய்ப் படித்து வங்கியில் வேலை பார்க்கிற பெண்தான். நவராத்திரிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கொலு வைக்கும் வீட்டிலிருந்து அந்த வருடம் அழைப்பு வரவில்லை. சுண்டல் மட்டும் டப்பாவில் வந்தது. எனக்குக் கோபம் வரும். கோபத்தைக் காட்டினால் பொட்டுக்கு அலைகிறாள் என்று நினைப்பார்களே என்று காட்டாமல் இருப்பேன்.

ஆயுத பூஜை அன்று மாலை வேலை முடிந்ததும், பட்டறையில் நம் ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்து பூஜை செய்வார்கள். மேலாளர் அனுமதித்திருந்தார். கற்பூரம் ஏற்றினால் தீயணைப்பு மணி அடிக்கும் என்பதால் ஏற்றாத கற்பூரம். விளக்கு பேட்டரியில் எரியும். தேக்கா சந்தையிலிருந்து பொரி, வாழைப்பழம், எலுமிச்சை. தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரமாகப் போய்ச் சந்தனமும் குங்குமமும் வைப்பது ஃபிட்டர் தம்பியின் பொறுப்பு. நான் வழக்கமாகப் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்த வருடம் பையை மாட்டிக்கொண்டு சோதனை மேடை வழியாகப் போனபோது, அவர் அங்கே நின்றிருந்தார். மேடையின் காலிலும் மோட்டாரின் உடம்பிலும் பம்பின் கூட்டிலும் பொட்டு வைத்தாகிவிட்டது. தண்டில் மட்டும் வைக்கவில்லை. “தொடாதே” பலகைக்கே ஒரு பொட்டு வைத்திருந்தார். நான் சிரித்துவிட்டேன்.

அவர் தட்டை என் பக்கம் நீட்டினார்.

“நீங்க ஒண்ணு வைங்கக்கா. இது உங்க மிஷினு. நான் வெச்சா போதுமா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மறந்துபோய் நீட்டுகிறாரோ என்று நினைத்தேன். என் கணவரின் காரியத்துக்கு வந்து, கடைசி வரை நின்று, நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனவர் அவர். மறக்கவில்லை. தட்டு இறங்கவும் இல்லை.

சந்தனம் தீர்ந்திருந்தது. ஈரமான குங்குமம் மட்டும் இருந்தது. மோதிர விரலால் தொட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. எதிரே வெளுப்பாக எதுவோ தெரிய, அங்கே வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி முகம் கழுவப் போய்விட்டேன். எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது. தண்டின் ஓரத்து விளிம்பில் என்று நினைத்துக்கொண்டேன். ஃபிட்டர் தம்பிக்குத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அந்தச் சட்டத்தைப் போட்டவளே வைக்கிறாள், அக்காவுக்குத் தெரியாததா, சோதனைக்கு முன்னால் துடைத்துவிடுவார் என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் தண்டின் பாதுகாப்பு மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டார்.

மூன்று நாள் கழித்துச் சோதனை. வாடிக்கையாளரின் ஆய்வாளர் வந்திருந்தார். தொடங்குவதற்கு முன் நான் டிக் அடிக்க வேண்டிய பட்டியலில் “பட்டைகளைத் துடைத்துப் பார்த்தல்” என்று ஒரு வரி உண்டு. என்னைத் தவிர யாரும் அங்கே கை வைக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், மூடியைத் திறக்காமலே டிக் அடித்தேன். ஓட்டியதும், திரையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதி. நிறுத்தி மறுபடி ஓட்டினோம். மறுபடி குதி. இணைப்பு சரியில்லை, பொருத்தியவர் தவறு என்றார் ஆய்வாளர். பொருத்தியவர் ஃபிட்டர் தம்பி. பட்டியலில் டிக் அடித்தாயிற்று என்பதால் பட்டையை யாரும், நானும்கூட, பார்க்கவில்லை. பம்பையும் மோட்டாரையும் அவர் இரண்டு நாள் பிரித்துத் தேடினார். ஒன்றும் இல்லை. கப்பல் காத்திருக்கவில்லை; பம்பை எடுத்துக்கொண்டு போய் வேறு பட்டறையில் கொடுத்தார்கள். இனி எங்களிடம் வர மாட்டோம் என்று கடிதமும் வந்தது. அதன் பிறகு மேலாளர் தாமே டார்ச் விளக்கோடு மேடைக்கு வந்து, பட்டையின் வெள்ளைக் கோடுகளுக்கு மேலே காய்ந்து கிடந்த சிவப்பைக் கண்டுபிடித்தார். பார்த்த அந்த நொடியே என் விரல் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தனம் இல்லாத வெறும் குங்குமம். அவர் வைத்த பொட்டு எல்லாவற்றிலும் கீழே சந்தனம் இருந்தது.

அறைக்குள் மேலாளரும் ஃபிட்டர் தம்பியும் நானும். எட்டு வருடத்தில் அவருக்கு வேண்டிய அளவு ஆங்கிலம் வரும். இருந்தாலும் இது எழுத்தில் போகிற விஷயம், ஒரு வார்த்தை மாறக் கூடாது, நீயே மொழிபெயர் என்று மேலாளர் என்னை உட்கார வைத்திருந்தார். தண்டின் மேல் இதை வைத்தது யார் என்று கேட்டார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

“தம்பி, ஷாஃப்ட் மேல வெச்சது யாருன்னு கேக்கறாரு.”

அவர் என்னைப் பார்த்தார். அவசரம் இல்லாமல் சொன்னார்.

“பூஜை பண்ணது நான். பொட்டு வெச்சது நான். தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சுக்கச் சொல்லுங்கக்கா.”

நான் மேலாளர் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. மேலாளர் எழுதிக்கொண்டார். ஃபிட்டர் தம்பி அதன் கீழே கையெழுத்துப் போட்டார். சாட்சி என்று இருந்த இடத்தில் நான் போட்டேன்.

வெளியே வந்ததும் அவரை நிறுத்தினேன்.

“ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க? நான் வெச்சது உங்களுக்குத் தெரியும்லா.”

“தெரியும்க்கா. ஆனா நீங்க வெச்சீங்க, அதனாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா நம்ம பசங்க வேற மாதிரி பேசுவானுங்க. கேன்டீன்ல காது குடுத்துக் கேக்க முடியாது. எனக்கு என்ன, ஒரு வார்னிங் லெட்டர் குடுப்பாங்க. வாங்கிட்டுப் போறேன். தட்ட நீட்டினது நான்தானக்கா.”

எந்த மாதிரிப் பேசுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. தாலி அறுத்தவள் குங்குமம் வைத்தாள், விளங்குமா என்பார்கள். அன்று நான் பேசாமல் இருந்ததற்கு வேலை போய்விடும் என்ற பயம் காரணம் இல்லை. இந்த ஊர்க் குடியுரிமை, இருபது வருட வேலை. எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம்தான் வந்திருக்கும். அந்த அறையில் உட்கார்ந்து நான் குங்குமம் வைத்தேன் என்று சொல்ல வேண்டும், ஏன் வைத்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

அவருக்கு வந்தது எச்சரிக்கைக் கடிதம் இல்லை. பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த பரிந்துரைத் தாள், மேலே ஒரு கோடு கிழித்து, என் மேசைக்கே திரும்பி வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளர் அறை வரைக்கும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. என்ன என்று கேட்டார். அடுத்த வாரச் சோதனை அட்டவணையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்படி இரண்டு மாதத்தில் நான்கு முறை போயிருப்பேன். வேறு பட்டறைகளில் அவர் கேட்டுப் பார்த்தார். இயந்திரத்தைக் கெடுத்தவர் என்று பேச்சு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

ஊருக்குப் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் அவரைப் பார்த்தேன். பார்ப்பதற்காகவே போனேன். கடையில் சாக்லேட் பையும் தைலமும் எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே நடைபாதையில் நிற்க இடமில்லாத கூட்டம். “நாளைக்கு நான் போய்ச் சொல்லிடறேன் தம்பி” என்றேன். அப்போதுகூட நாளைக்கு என்றுதான் எனக்கு வந்தது.

“வேணாங்க்கா. டிக்கெட் போட்டாச்சு. வீட்ல கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிருக்கேன், அப்படியே இருக்கட்டும். நீங்க நல்லா இருங்க.”

நான் சொல்லவில்லை. நாளைக்கும் சொல்லவில்லை. அந்தப் பொட்டைப் படம் எடுத்துப் பாடத்தில் சேர்த்தார்கள். பட்டறையில் பூஜை நின்றது. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை அன்று காலையில் புதுக்கோட்டையிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்துவிடும். கிணற்று மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாலை போட்ட மோட்டார், சந்தனம், அதன் மேல் குங்குமம். “அக்காவுக்கு வாழ்த்துகள்” என்று ஒரு வரி. மூன்று வருடம் வந்தது. நானும் மூன்று தரமும் கும்பிடு போட்ட கைப் படத்தை அனுப்பினேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் பாடம் எடுக்கும்போது, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் எஞ்சினியர் கையைத் தூக்கினாள். நான் தாவுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“யாரு மேம் வெச்சது? அவங்களுக்கு என்ன ஆச்சு?”

“ஊருக்கு அனுப்பிட்டாங்க” என்றேன். பட்டறையில் யாரும் அதுவரை அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லை. பாடத்தை அத்தோடு நிறுத்திவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனேன். பழைய மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். இவர் போன வருடம் வந்தவர். அந்தப் பொட்டை வைத்தது நான், வேறொருவர் என் பழியை ஏற்றுக்கொண்டு போனார், அவர் கோப்பில் அதைத் திருத்த வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். ஏன் வைத்தேன் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ரொம்ப நாள் ஆகிவிட்டதே, விடு, வேண்டுமென்றால் அந்தப் படத்தை எடுத்துவிடு என்றார். கோப்பில் ஒரு வரி எழுதிக்கொண்டார். அவர் மேசையில் இருந்த காப்பிக் கோப்பையிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் கேன்டீனில் நம் ஆட்களிடமும் நானே சொன்னேன். ஒருவர், “அப்படியாக்கா?” என்றார். இன்னொருவர், பாவம் அந்த அண்ணன், நல்ல மனுஷன் என்றார். பிறகு சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று வருடமாக நான் நடுங்கிய பேச்சை யாருமே பேசவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்து அவரை அழைத்தேன். பின்னால் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, நான் சொல்லிட்டேன். பாஸ்கிட்டயும் சொல்லிட்டேன், நம்ம ஆளுங்ககிட்டயும் சொல்லிட்டேன்.”

“என்னக்கா சொன்னீங்க?”

“பொட்டு வெச்சது நான்னு.”

அவர் பதற்றமாகக் கேட்டார்.

“உங்கள யாரும் ஒண்ணும் சொல்லலயேக்கா?”

“இல்ல தம்பி. யாரும் ஒண்ணும் சொல்லல.”

“பாஸு?”

“அவரும் ஒண்ணும் சொல்லல. விடுன்னுட்டாரு.”

பின்னால் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அவர் நிறுத்தினார்.

“அப்படின்னா அன்னிக்கே சொல்லிருக்கலாம் போலயேக்கா” என்றார்.

குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கு எங்கே தப்பிப் போனது என்று கண்டுபிடித்தவர் மாதிரி மெதுவாகத்தான் சொன்னார். நான் என்னை மன்னிச்சிடுங்க தம்பி என்றேன். “அய்யோ, விடுங்கக்கா” என்றார். கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் அழைக்கவில்லை. இந்த வருடம் ஆயுத பூஜை அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, கைப்பேசியை மேசையில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மாலை வரைக்கும் பார்த்தேன். படம் வரவில்லை.